சூடான பக்கம்

பாம்பு மறுபடியும் குளிர்ந்த பக்கத்தில் படுத்திருந்தது.

லொரெய்ன் நனைந்த கோட்டைக் கழற்றாமலேயே மகன் ஆல்ஃபியின் அறை வாசலில் நின்று அதைப் பார்த்தாள். மணி நாலுகூட ஆகவில்லை. ஆனால் டிசம்பர் மாதத்து ஹாலிஃபாக்ஸில் பகல் என்பது பேருக்குத்தான். மூன்றரைக்கே வெளிச்சம் கடையைக் கட்டிக்கொண்டு போய்விடும். ஜன்னலில் மழை வழிந்தது, தெருவிளக்கின் மஞ்சளும் அதோடு சேர்ந்து சுவரில் வழிந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் காலை முழுக்க உருளைக்கிழங்கு மசித்த வாசனை அவள் விரல்களில் இன்னும் இருந்தது. அறைக்குள் வேறு வாசனை. புதுப் பலகை, மரச்சுருள், ஹீட்டரில் காய்ந்த தூசி, இவற்றுக்கெல்லாம் அடியில், மூச்சை நன்றாக இழுத்தால் மட்டும் தட்டுப்படுகிற மாதிரி, காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளையின் கழுத்து வாசனை.

அது பாம்புப் பெட்டிக்குள் வைத்த அவன் சட்டையின் வாசனை என்றுதான் அவள் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெட்டி சுவரோரம் நீளமாகக் கிடந்தது. மூன்று பக்கமும் மரம், முன்னால் மட்டும் இரண்டு நகரும் கண்ணாடிகள், அவற்றுக்கு ஒரு சின்னப் பூட்டு. வலது பாதியில் ஹீட்டர். கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பாதியை முழுக்கப் பலகையால் மூடி, முன்பக்கம் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டிருந்தார்கள். இடது பாதி வெறும் மரச்சுருளும் தண்ணீர்க் கிண்ணமும். அது குளிர்ந்த பக்கம்.

"பாம்புக்கு உடம்புல சொந்தமா சூடு கிடையாதும்மா. வெளியில இருந்துதான் வாங்கிக்கணும்" என்று ஆல்ஃபி அவளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறான். "அதனால ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி ரெண்டும் வேணும். எங்க இருக்கணும்னு அவனே பாத்துப்பான்."

இந்தப் பனிக்காலத்தில் எந்தப் பாம்புக்கும் சூடான பக்கம்தான் வேண்டியிருக்கும். இதுவோ இடது மூலையில், மரத்துக்குள்ளேயே புகுந்துவிடப் பார்ப்பது போல ஒட்டிக்கொண்டு கிடந்தது. பயந்தால் பந்தாகச் சுருண்டு தலையை ஒளித்துக்கொள்வதுதான் அதன் சுபாவம். இப்போது தலை வெளியே இருந்தது. கழுத்தை வளைத்துப் பின்னுக்கு இழுத்து, கண் கொட்டாமல், அது வலது பக்கத்து ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

*

புடிங் என்று பேர் வைத்தது ஆல்ஃபிதான். ராஜமலைப்பாம்பு என்று இனத்துக்குப் பேர் பெரிதாக இருந்தாலும், சுருண்டு கிடந்தால் ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சியோடு அம்மா சுட்டு வைக்கிற புடிங் மாதிரியே இருக்கிறது என்று சொல்லிவிட்டான். எட்டாவது பிறந்தநாளுக்கு வந்தது. லொரெய்னுக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஃப்ரீசரில் பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் உறைந்த எலிகளை வைக்க வேண்டியிருந்தால் எந்தத் தாய்க்குத்தான் ஆகும்? ஆனாலும் அது இரை தின்னும்போது ஆல்ஃபி பக்கத்தில் உட்கார்ந்து கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே வருவதைக் கேட்கப் படியேறி வந்துவிடுவாள்.

"பலமா நசுக்க மாட்டான்மா. அதெல்லாம் சும்மா. மெதுவாத்தான் புடிச்சிருப்பான். எலி மூச்சை விடும் பாரு, அப்ப கொஞ்சம் இறுக்குவான். மறுபடி விடும், மறுபடி கொஞ்சம். அவ்வளவுதான். அவனுக்கு அவசரமே கிடையாது."

"உறைஞ்ச எலி எங்கடா மூச்சு விடுது?"

"அது அவனுக்குத் தெரியாதுல்ல."

செப்டம்பரில், பதினோரு வயதில், ரத்தப் புற்று அவனைக் கொண்டுபோய்விட்டது. கடைசி வாரங்களில் உடம்பில் ஒட்டிக்கொண்டது குளிர் ஒன்றுதான். மூன்று போர்வை போர்த்தினாலும் கால் குளிருதும்மா என்பான். முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டு படுத்துக்கொள்வான். சாத்திய அறை என்றால் சின்ன வயதிலிருந்தே அவனுக்குப் பயம். கதவை ஒரு விரல் திறந்து வைக்கச் சொல்வான். ஆஸ்பத்திரியிலும் நர்சுகள் அப்படியே திறந்து வைத்தார்கள்.

"புடிங்கைக் குடுத்துடாதம்மா" என்றான் ஒருநாள். "அவன் முப்பது வருஷம் இருப்பான். எனக்கு வழுக்கை விழுந்தாக்கூட இருப்பான்." சொல்லிவிட்டு, முடியெல்லாம் கொட்டிப்போன தன் தலையைத் தடவிக்கொண்டு அவனே சிரித்தான். அவளும் சிரித்தாள். வெளியே வந்து துணி அலமாரிக்குள் முகத்தை வைத்து அழுதாள்.

அவன் போன நாளிலிருந்து புடிங் இரையைத் தொடவில்லை.

நவம்பரில் அவள் ரயில் பாலத்தடியில் இருந்த பாம்புக் கடைக்குப் போனாள். கடைக்காரி டோனாவுக்கு வாய் ஓயாது.

"ராஜாக்கள் குளிர்காலத்துல அப்படித்தான் கண்ணு, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும். என் மொத புருஷனாவது சண்டை போட்டா ஒரு வேளைதான் திங்காம இருப்பான்."

"பையன் செத்ததுல இருந்து தொடல."

டோனா கையிலிருந்த பல்லியைத் தொட்டியில் விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அதன் பிறகு அவள் கேலி செய்யவில்லை.

"இப்ப எதுல வச்சிருக்கே?"

"கண்ணாடித் தொட்டி. நாலு பக்கமும் கண்ணாடி."

"அதான். நாலு பக்கமும் தொறந்து கெடந்தா யாருக்குத் தூக்கம் வரும்? மரத்துல ஒரு பெட்டி போடு. சூடான பாதியைப் பலகை வச்சு மூடிடு. இருட்டு, சூடு, இறுக்கம், இது மூணும் இருந்தா தானா வந்து உக்காந்துக்கும். என் தம்பி தச்சன், அவனே செஞ்சு கொண்டாந்து போடுவான். நீட்டிப் படுத்தா உள்ள நேரா படுக்கணும், அதான் அளவு. எவ்வளவு நீளம் இருக்கும்?"

"நாலடி எட்டங்குலம்" என்றாள் லொரெய்ன்.

யோசிக்கவே இல்லை. கேட்டதும் வாயில் வந்துவிட்டது.

டோனா புருவத்தை உயர்த்தினாள். "நாலடி எட்டா? ஆம்பளைக்கு அது ஜாஸ்தியாச்சே. நல்லா வளத்திருக்கே, கண்ணு."

பஸ் நிறுத்தத்தில் மழையில் நிற்கும்போதுதான் உறைத்தது. அது பாம்பின் நீளம் இல்லை. செப்டம்பரில், மெதுவான குரலில் பேசுகிற ஒரு மனிதர் சவப்பெட்டிப் படங்களைப் பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டிவிட்டு, "தம்பி என்ன உயரம் இருப்பாரு?" என்று கேட்டபோது அவள் சொன்ன பதில். திரும்பிப் போய்ச் சரியான அளவைச் சொல்லியிருக்கலாம். கடை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஆனால் நல்லா வளத்திருக்கே என்று இந்த இரண்டு மாதத்தில் அவளிடம் யாருமே சொல்லவில்லை. அதைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

பெட்டி வந்த அன்று டோனாவின் தம்பி ஒரு முனையும் லொரெய்னின் கணவன் கிரேம் ஒரு முனையுமாகப் பிடித்து மாடிக்கு ஏற்றினார்கள். குறுகலான படி. திருப்பத்தில் கிரேம் நின்றுவிட்டான். ஆள் போன பிறகு சமையலறைக்கு வந்தான்.

"அது என்ன அளவு, லொரெய்ன்?"

"பாம்போட அளவு."

"பாம்பு மூணரை அடிதான்."

அவள் கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள்.

"தூக்கும்போதே என் கைக்குத் தெரிஞ்சு போச்சு" என்றான் கிரேம். போய் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அன்றிலிருந்து அவன் அந்த அறைக்குள் காலெடுத்து வைப்பதில்லை.

டோனா இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தாள். பாம்பு வளர்ப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான் அது. சொந்தக்காரர் உடுத்திக் கழற்றிய துணி ஒன்றைத் துவைக்காமல் உள்ளே போட வேண்டும். வாசனை பழகினால்தான் பாம்பு ஆளை நம்பும். புடிங்குக்குச் சொந்தக்காரி லொரெய்ன் இல்லையே. ஆல்ஃபி கடைசியாகப் போட்டிருந்த நீல இரவுச் சட்டையை ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். திறந்தால் வாசனை போய்விடுமென்று அவள் அந்த முடிச்சைத் தொட்டதே இல்லை. அன்று அவிழ்த்தாள். முகத்தில் வைத்து ஒரே ஒரு தரம் மூச்சை இழுத்தாள். பிறகு ஓட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, இருட்டின் கடைசி மூலையில், ஹீட்டருக்குப் பக்கத்தில் அதை விரித்து வைத்தாள்.

இடுக்கியால் ஓர் எலியை ஓட்டை வாயில் வைத்துவிட்டு விளக்கை அணைத்தாள்.

மறுநாள் எலி இல்லை.

கட்டிலில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில். கிரேமிடம் சொன்னபோது அவன் போய் மீனும் சிப்ஸும் வாங்கி வந்தான். வினிகர் மணக்க, பேப்பரில் வைத்தே, இருவரும் நின்றுகொண்டே தின்றார்கள். ஆல்ஃபி போன பிறகு அவர்கள் ருசித்துத் தின்ற முதல் சாப்பாடு அதுதான். அடுத்த வாரத்து எலியும் போயிற்று. அதற்கடுத்ததும்.

*

பெட்டிக்கு மாற்றிய பிறகு இன்றுதான் அவள் பாம்பைக் கையில் எடுத்தாள்.

மூலையில் அது கிடந்த கிடை மனதைப் பிசைந்தது. பூட்டைத் திறந்து இடதுபக்கக் கண்ணாடியை நகர்த்தினாள். வலதுபக்கக் கண்ணாடி தானாகவே ஒரு விரல் அளவு திறந்திருந்தது. பூட்டியிருக்கும்போதே. இது மூன்றாவது முறையோ நாலாவது முறையோ. மரம் புதுசு, ஈரத்தில் விலகும் என்று அவளே தனக்குச் சமாதானம் சொல்லியிருந்தாள். அந்த இடைவெளியில் புடிங் தப்பித்திருக்கலாம். ஆனால் அதற்கு வலது பக்கம் வந்தாக வேண்டுமே.

இரண்டு கையாலும் தூக்கினாள். கனமே இல்லை. தோல் தொளதொளத்தது. முதுகெலும்பு விளிம்பாகத் துருத்திக்கொண்டு உள்ளங்கையில் உறுத்தியது. இரை தின்ற பாம்புக்கு வயிற்றில் ஒரு புடைப்பு நாலைந்து நாள் நிற்கும். தொட்டுப் பார்க்கக்கூட வேண்டாம், ஆல்ஃபி தூரத்திலிருந்தே காட்டுவான். அவள் கழுத்திலிருந்து வால் வரை கட்டைவிரலால் மெதுவாக நீவினாள்.

புடைப்பு இல்லை. மரச்சுருளில் எச்சமும் இல்லை. ஒருநாள்கூட இருந்ததில்லை.

செப்டம்பரிலிருந்து இந்தப் பாம்பு ஒன்றுமே தின்னவில்லை.

அப்படியானால் எலிகள்?

அவள் அசையாமல் நின்றாள். மழை. கீழே ஃப்ரிட்ஜின் உறுமல். ஹீட்டர் டிக் என்று விழித்துக்கொண்டது. அதன் சூட்டில் பலகை நெளிகிற மெல்லிய முனகல். அந்த முனகலுக்குள் இன்னொரு சத்தம், மரச்சுருளில் ஏதோ புரண்டு படுக்கிற சத்தம்.

பாம்பு அவள் கையில் இருந்தது. அது அவள் கோட்டுக் கைக்குள் தலையைத் திணித்துக்கொள்ளப் பார்த்தது.

அப்போதுதான் கண்ணாடியைக் கவனித்தாள். வலது பக்கம். ஓட்டைக்கு நேராக. ஒரு வட்டம் பனித்திருந்தது. சின்ன வட்டம், தேநீர்த் தட்டு அளவுதான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விளிம்பிலிருந்து சுருங்கிக் காய்ந்தது.

மறுபடி பனித்தது.

கையை நீட்டிச் சுட்டுவிரலால் துடைத்தாள். போகவில்லை. ஈரம் உள்பக்கம்.

பாம்பின் மூச்சுக்குக் கண்ணாடி பனிக்காது. அதன் உடம்பில்தான் சூடு இல்லையே.

புடிங்கைக் கழுத்தோடு அணைத்துக்கொண்டு அவள் குனிந்தாள். ஓட்டை வாயில் ஏதோ கிடந்தது. கசங்கி, ஈரமாக, வெளிறி. அவள் மூச்சு திரும்பி வந்தது. பாம்பு சட்டை உரித்திருக்கிறது, அவ்வளவுதான். தோல் உரிக்கிற சமயத்தில் பாம்பு தின்னாது, மூலையில் ஒடுங்கும், இளைக்கும். எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். பாம்பை ஆல்ஃபியின் கட்டிலில் போர்வைக்குள் விட்டுவிட்டு, உரித்த தோலை இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள்.

ஆல்ஃபி ஒவ்வொரு தடவையும் இதைச் செய்வான். தொட்டியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் பிடித்து, கசங்கிய தோலை அதில் விட்டால் தானாக விரியும். தோல் உரிக்கிறான்னா வளர்றான்னு அர்த்தம்மா. விரிந்த தோலை ஜன்னலில் ஒட்டிக் காயவைத்து, அளந்து, ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பான்.

அவளும் தண்ணீர் பிடித்தாள். தோல் மிதந்தது. மெதுவாக அவிழ்ந்தது.

செதில் இல்லை.

மெல்லிய கோடுகள். வளைந்து வளைந்து போகிற கோடுகள். ஒரு நுனி பிரிந்து மிதந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு இரண்டு சேர்ந்து. கடைசியில் ஒன்று, குட்டையாக, தனியாக.

ஐந்து.

நகம் இருந்த இடங்கள்கூடத் தெரிந்தன. புறங்கையில், ஊசி ஏற்றுவதற்காக ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் குழாய் செருகி வைத்திருந்த இடத்தில், பட்டாணி அளவுக்கு ஒரு தழும்பு.

அவள் கத்தவில்லை. தன் வலது கையைத் தண்ணீருக்குள் விட்டு, அதன்மேல் அந்தத் தோலை ஏற்றி வைத்துப் பார்த்தாள். ஆல்ஃபியோடு உள்ளங்கை வைத்து அளந்து விளையாடும்போது அவன் விரல்கள் அவளுடைய கடைசிக் கணு வரைதான் வரும்.

இது நுனியைத் தாண்டியிருந்தது.

*

பஸ் ஓட்டுகிற கிரேமுக்கு அன்று மாலை ஷிப்ட். பஸ்ஸை எடுக்கப் போகுமுன் தேநீர் குடிக்க வீட்டுக்கு வந்தவன், அவள் கூப்பிட்டதும் மாடிக்கு வந்தான், வாசற்படியிலேயே நின்றான். அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கோட் இன்னும் உடம்பில்தான் இருந்தது. ஒரு கை கோட்டுப் பைக்குள் இருந்தது. மடியில் தலையணை உறை, அதன் வாயில் முடிச்சு. உறைக்குள் புடிங்.

"இதை டோனாகிட்ட கொண்டுபோய்க் குடுத்துடு" என்றாள். "சாகப் போகுது. அவ காப்பாத்திடுவா. இங்க இருந்தா பொழைக்காது."

கிரேம் அவளையே பார்த்தான். "குடுக்க மாட்டேன்னு சொன்னியே. அவனுக்கு வாக்குக் குடுத்தேன்னே."

"அதனாலதான் குடுக்கச் சொல்றேன்."

அவன் தலையணை உறையை வாங்கிக்கொண்டான். கண் பெட்டிப் பக்கம் போனது, உடனே திரும்பியது. "அப்ப அதையும் எடுத்துடலாம். ஹீட்டரைப் பிடுங்கு. நாளைக்கு ஒடைச்சுப் போட்டுடறேன்."

"பெட்டி இருக்கட்டும்."

"லொரெய்ன்."

"இருக்கட்டும்னு சொல்றேன்ல."

அவன் குரல் தாழ்ந்தது. "ராத்திரி படுக்கப் போறப்ப நான் இந்த ரூம் கதவைச் சாத்திட்டுத்தான் போறேன். காலையில ஒரு விரல் தொறந்திருக்கு. நீதான் தொறக்கறேன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"நான் இல்ல."

"தெரியும். நேத்து நான் தூங்கல. நீ என் பக்கத்துலயேதான் இருந்தே." அவன் உறையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். பெரிய உருவம், பெரிய கை; அழுகையை மட்டும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத ஆள். "நீயும் வா. வா, என்கூடவே பஸ்ல உக்காந்துக்க. ராத்திரி முழுக்க ஊரைச் சுத்தலாம்."

"நீ போ. அது குளிர் தாங்காது. கோட்டுக்குள்ள வச்சுக்க."

"நான் திரும்பி வர்றப்ப இந்தப் பெட்டி சூடா இருக்கக் கூடாது."

அவள் தலையாட்டினாள். அவன் படியிறங்கும் சத்தம். நின்றான். கீழேயிருந்து கேட்டான்: "கதவைச் சாத்திட்டுப் போகவா?"

"ஒரு விரல் தொறந்து வை" என்றாள்.

வாசல் கதவு சாத்தப்படும் சத்தம் அவள் காதில் விழவே இல்லை. அவனும் திறந்தே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். தெருவின் குளிர் படியேறி வந்தது.

அவள் கோட்டைக் கழற்றினாள். ஹீட்டரின் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பிடுங்க வேண்டியதுதான். ஒரு நிமிடத்து வேலை. பிறகு அந்த மெதுவான குரல் மனிதர் மூடியை வைத்துத் திருகாணியை முடுக்கிய மத்தியானம் நினைவுக்கு வந்தது. ஒரு விரல் திறந்து வைக்க முடியுமா என்று கேட்க வாய் வரை வந்தது. பைத்தியம் என்று நினைப்பார்களோ என்று வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டாள். மலைமேல் மயானம். மூன்று மாதமாக மழை. எல்லாப் பக்கமும் குளிர்ந்த பக்கம்தான் அங்கே.

வயரை விட்டுவிட்டாள்.

சூட்டைக் கொஞ்சம் கூட்டினாள். பெட்டிக்கு முன்னால் தரையில் படுத்து, வலதுபக்கக் கண்ணாடியை முழுக்க நகர்த்தினாள். ஓட்டைக்குள்ளிருந்து அந்தக் கழுத்து வாசனை வந்தது. சட்டையின் வாசனை இல்லை. ஒரு துணியில் இவ்வளவு நாள் இவ்வளவு வாசனை நிற்காது.

கையை உள்ளே விட்டாள்.

இருட்டு. மரச்சுருள். சூடு. முழங்கை வரை. விரல்களில் சட்டைத் துணி தட்டுப்பட்டது.

துணி உயர்ந்தது. தணிந்தது.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

விரல்கள் வந்தன. ஒவ்வொன்றாக. மணிக்கட்டில் படிந்தன. ஐந்து. இத்தனை நாள் சூட்டில் கிடந்தும் ஐஸ்போலக் குளிர்ந்திருந்தன. சொந்தமாகச் சூடு கிடையாது. வெளியிலிருந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

"ஆல்ஃபி" என்றாள்.

பிடி இறுகியது. கொஞ்சமாக.

மூச்சை இழுத்தாள். பிடி அப்படியே இருந்தது. விட்டாள். இறுகியது.

இன்னொரு கை ஓட்டையிலிருந்து வெளியே வந்தது. அவள் கையை ஒட்டியே. முழங்கையைக் கடந்தது. தோளைக் கடந்தது. கடந்துகொண்டே இருந்தது. ஓட்டைக்குள் இன்னும் மிச்சமிருந்தது. அவள் முதுகைச் சுற்றிக்கொண்டு போய், விலாவுக்கு அடியில் நுழைந்து, நெஞ்சுக்கு முன்னால் வந்தது. அங்கே முடியவில்லை. மறுபடி முதுகுக்குப் போனது.

நன்றாக வளர்ந்திருந்தான்.

எழுந்து ஓடியிருக்கலாம். அப்போதுகூட ஓடியிருக்கலாம். மெதுவாகத்தான் பிடித்திருந்தான். அவனுக்கு அவசரமே இல்லை.

"குளிருதாடா?" என்று கேட்டாள். பேசுவதற்கும் மூச்சைத்தான் செலவழிக்க வேண்டும். கேட்டு முடித்தபோது அதை மறுபடி இழுத்துக்கொள்ள நெஞ்சில் இடம் குறைந்திருந்தது. "அம்மா இங்கதான் இருக்கேன். கதவு தொறந்துதான் இருக்கு. அப்பாவும் தொறந்து வச்சுட்டுத்தான் போயிருக்காரு."

ஒவ்வொரு சொல்லுக்கும் கொஞ்சம் இறுகியது.

புடிங் டோனாவிடம் போய்விட்டதென்று சொன்னாள். மீனும் சிப்ஸும் தின்றதைச் சொன்னாள். அவனை நன்றாக வளர்த்திருப்பதாகக் கடைக்காரி பாராட்டியதையும் சொன்னாள். குரல் போய் வெறும் காற்றாகிவிட்ட பிறகும், அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறி வருவது தன் முதுகில் தெரியத் தெரிய, அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.